எட்டு இடங்களை இணைத்த லைன்

துறைமுகக் கடற்கரையில் காலையில் நடக்கிற எங்கள் கோஷ்டியில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் பென்ஷன். ஐந்து பேருக்கும் எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம். போன வாரம் பேச்சு உப்பு விலையில் தொடங்கி, எங்கெங்கோ சுற்றி, இன்டர்நெட்டில் வந்து நின்றது. துறைமுகத்தில் கிரேன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர், "1995 ஆகஸ்ட் 15, சுதந்திர தினத்தன்னைக்குத்தானே நம்ம நாட்டுக்கு இன்டர்நெட் வந்தது? வி.எஸ்.என்.எல். கொண்டுவந்தது" என்றார்.

"காசு கொடுத்து வாங்கும்படி வந்தது அன்னைக்கு. லைன் போட்டது அதுக்கு ரொம்ப முன்னாடி, அண்ணாச்சி" என்றேன்.

"நீங்க லைன்காரர். அப்படித்தான் சொல்வீங்க" என்று எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டார். சிரிப்புக்கு நடுவில் விளக்கம் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் முப்பது வருஷத்துக்கு மேல் டிரங்க் லைன், மைக்ரோவேவ் என்று வேலை பார்த்தவன். இதில் என் பங்கு கடுகளவு. அதுவும் பெருமைப்படும்படியான பங்கு இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், அந்தக் காலத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். இங்கே இயற்கை முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். 1973-ல் நம் தூத்துக்குடி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் க. அழகர்சாமி, சிப்பிக்குள் கருவைப் பதித்து உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். இந்தியாவில் அதுதான் முதல். அப்படிப்பட்ட வேலை செய்கிறவர்களுக்கு ஜப்பானில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வழி என்ன? ஒரு கட்டுரையின் நகல் வேண்டும் என்று ஆசிரியருக்கே கார்டு எழுதிப் போடுவார்கள். அது கப்பலிலோ விமானத்திலோ போகும். அவர் மனசு வைத்தால் நகல் வரும். மாதங்கள் ஆகும். உள்நாட்டுக்குள் அவசரம் என்றால் டிரங்க் கால். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று விலை இருந்ததும், ஆர்டினரி போட்டுவிட்டு நாள் முழுக்கப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு மறந்திருக்காது.

கம்ப்யூட்டர்களையே ஒன்றோடொன்று பேச வைக்கலாம் என்ற யோசனை நம் நாட்டுக்குத் தாமதமாக வரவில்லை. 1981 ஜூனில் ஆப்பிள் என்ற செயற்கைக்கோளை, ஐரோப்பியர்களின் ஏரியான் ராக்கெட்டில் நம்மவர்கள் ஏற்றி அனுப்பினார்கள். தின்கிற ஆப்பிளும் இல்லை, போன் ஆப்பிளும் இல்லை. மாட்டு வண்டியில் ஒரு செயற்கைக்கோளை ஏற்றி வைத்திருக்கும் படம் ஒன்றைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்களே, அதுதான். இரும்பு இல்லாத இடத்தில் ஆன்டெனாவைச் சோதிக்க வேண்டும் என்பதற்காக மரவண்டி தேடினார்கள். வறுமைக்காக அல்ல. அந்தச் செயற்கைக்கோள் வழியாக டி.வி., ரேடியோ சோதனைகளோடு, தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்களை இணைத்துப் பார்க்கும் சோதனையும் நடந்தது. இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல் உழைத்துவிட்டு அது ஓய்ந்தது.

நிலைத்து நின்றது எர்நெட். கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு என்பதன் சுருக்கம். மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986-ல் தொடங்கியது. எட்டு இடங்கள்: டெல்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், எட்டாவதாக டெல்லியில் மின்னணுத் துறையே. ஆறு ஊர், எட்டு வாசல். பம்பாய் மையத்தின் தலைவராக இருந்து இதை இழுத்துச் சென்றவர்களில் முக்கியமானவர் டாக்டர் சீனிவாசன் ரமணி. 2014-ல் உலக அளவில் இன்டர்நெட்டின் மூலவர்களைக் கௌரவிக்கும் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். நம் தமிழ்ப் பத்திரிகைகள் இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அரசு அலுவலகங்களுக்கென்று நிக்நெட் என்று வேறொன்று செயற்கைக்கோள் வழியாக ஓடியது. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிக்நெட் ஒரு சேவை. கலெக்டர் ஆபீஸ் கணக்கு டெல்லிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். எர்நெட்டின் கதை வேறு. அங்கே வலையமைப்பே ஆராய்ச்சிப் பொருள். எட்டு இடங்களிலும் வெவ்வேறு கம்பெனிக் கம்ப்யூட்டர்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு குழு தன் கட்டடத்துக்குள் தன் சோதனை வலையைக் கட்டும். பிறகு அந்த வலைகளை ஊர் விட்டு ஊர் கோக்க வேண்டும். ஓர் இடத்தில் ஒன்றை மாற்றினால் இன்னோர் இடத்தில் உடையும். உடைவதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்குத்தான் அந்த ஏற்பாடு.

ஆரம்பத்தில் தனி லைன் எல்லாம் கிடையாது. நாம் பேசுகிற சாதாரண டெலிபோன் லைனில் மோடத்தை மாட்டி, எஸ்.டி.டி. போட்டு, அடுத்த ஊர்க் கம்ப்யூட்டரைக் கூப்பிடுவார்கள். லைன் கிடைத்தால் சேர்ந்து கிடக்கும் கடிதங்களைத் தள்ளிவிட்டு, அங்கிருந்து வரவேண்டியதை வாங்கிக்கொண்டு துண்டித்துவிடுவார்கள். யு.யு.சி.பி. என்று அந்த முறைக்குப் பெயர். 1987 வாக்கிலேயே பம்பாய் மையத்துக்கும் பம்பாய் ஐ.ஐ.டி.க்கும் இடையே மின்னஞ்சல் ஓட ஆரம்பித்துவிட்டது. இரவில் எஸ்.டி.டி. கட்டணம் குறைவு என்பதால் ஊர் விட்டு ஊர் போகும் கடிதங்கள் இருட்டும் வரை காத்திருப்பது சகஜம்.

முகவரி எழுதும் முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்றைக்குப் போல ஆளின் பெயரும் இடமும் போதாது. எந்த எந்தக் கம்ப்யூட்டர் வழியாகப் போக வேண்டும் என்று வழி முழுவதையும், நடுநடுவே ஆச்சரியக்குறி போட்டு, அனுப்புகிறவரே எழுத வேண்டும். தூத்துக்குடியில் ஏறி, மணியாச்சியில் இறங்கி வண்டி மாறி, திருநெல்வேலி போய், அங்கிருந்து செங்கோட்டை வண்டி பிடி என்று சின்னப் பையனுக்கு எழுதிக் கொடுத்து அனுப்புவோமே, அதே மாதிரி. மணியாச்சியில் வண்டியைத் தவறவிட்டால் பையன் அங்கேயே நிற்பான். கம்ப்யூட்டர்களுக்கு நம்மவர்கள் வைத்த பெயர்களும் நன்றாக இருந்தன. பம்பாய் மையத்தில் ஒன்று 'சக்தி'. பெங்களூரில் ஒன்று 'விக்யான்'.

1989 மே மாதம் இந்தியாவுக்கென்று '.இன்' என்ற முகவரி முடிவு பதிவானது. பல வருஷம் அதைப் பார்த்துக்கொண்டதும் அந்தப் பம்பாய் மையம்தான். 1990-ல் எர்நெட்டுக்கு 144.16 என்று தொடங்கும் முகவரித் தொகுதி கிடைத்தது. அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் எண்கள். எட்டு இடத்துக்கு அது கடல்.

இனி லைன். 1991 ஜனவரியில் டெல்லிக்கும் பம்பாய்க்கும் இடையே முதல் வாடகை லைன். இரவு பகல் விடாமல் அவர்களுக்கே சொந்தமாகத் திறந்திருக்கும் சுற்று. வேகம் வினாடிக்கு 9,600 பிட். அதாவது ஏறக்குறைய 1,200 எழுத்து. 1992-க்குள் எட்டு இடங்களும் இதே வேகத்தில் கோக்கப்பட்டுவிட்டன. இன்று என் பேரன் போனில் அனுப்புகிற மூன்று எம்.பி. படம் ஒன்று அந்த லைனில் வந்து சேர நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதுவும் வேறு யாரும் அந்த நேரத்தில் லைனைத் தொடாமல் இருந்தால்.

அந்த நாட்களில்தான் இப்படிப்பட்ட டேட்டா லைன் ஒன்று என் கைக்கு வந்தது. எந்த ஊர், யாருடைய லைன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நான் அப்போது ஒரு மைக்ரோவேவ் நிலையத்தில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை லைன், பாங்க் லைன், ரயில்வே லைன் என்று வரிசையாகப் பழுதுப் புகார் வரும். அந்த வரிசையில் ஒரு கல்வி நிறுவனத்தின் டேட்டா லைனும் அடிக்கடி வந்தது. "லைன் இருக்கு, ஆனா தப்பு தப்பா வருது" என்பது புகார்.

எங்களுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். ஒரு முனையில் 800 ஹெர்ட்ஸ் டோன் கொடுப்போம். மறு முனையில் லெவல் எவ்வளவு வருகிறது என்று மீட்டரில் பார்ப்போம். சரியாக இருந்தது. பிறகு போனை மாட்டி "ஹலோ, ஹலோ" என்போம். மணி அடித்த மாதிரி கேட்டது. டாக்கெட்டில் 'டெஸ்ட் ஓ.கே.' என்று எழுதி முடித்துவிட்டேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. மூன்றாவது முறை எழுதும்போது எனக்குக் கோபமே வந்தது. மனுஷன் பேசினால் இவ்வளவு தெளிவாகக் கேட்கிற லைனில் உங்கள் மெஷினுக்கு மட்டும் என்ன கேடு என்று.

நாலாவது முறை புகார் போனில் வரவில்லை. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் சைக்கிளில் நேரிலேயே வந்துவிட்டார். ஒல்லியான பையன். கையில் சுருட்டிய பிரிண்ட் அவுட், ஓரத்தில் ஓட்டை போட்ட அந்த நீளக் காகிதம். ஒரு வாரமாக ஒவ்வொரு தவறும் எந்த மணி, எந்த நிமிஷம் வந்தது என்று கம்ப்யூட்டரையே எழுத வைத்திருந்தார். மேஜையில் விரித்தார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவர் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். "சார், காலையில் அஞ்சரைக்கு ஆரம்பிக்குது. ராத்திரி பதினொண்ணுக்கு நின்னுடுது. ஞாயித்துக்கிழமை கம்மி. ராத்திரி முழுக்க ஒரு தப்பு இல்ல."

அது என்ன நேரம் என்று இரண்டு பேரும் யோசித்தோம். டவுன் பஸ் ஓடுகிற நேரம்.

எங்கள் நிலையத்திலிருந்து அவர்கள் வளாகத்துக்குப் போகும் தரைக் கேபிள் ஒரு பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு குழியில் இணைக்கப்பட்டிருந்தது. ஓர் இணைப்பு லேசாகத் தளர்ந்திருந்தது. பஸ் வந்து நின்று கிளம்பும்போதெல்லாம் தரை அதிர்ந்து, கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு நேரம் தொடர்பு விட்டுப் பிடித்தது. பேசுகிறவர் காதுக்கு அது ஒரு 'டிக்'. அதைக் காது பொருட்படுத்தாது. விட்டுப்போன எழுத்தை மனசு தானே நிரப்பிக்கொள்ளும். மெஷினுக்கு அப்படி நிரப்பத் தெரியாது. அந்தத் துணுக்கு நேரத்தில் போன பிட்டுகள் கெட்டால் மொத்தக் கட்டும் கெட்டது. திரும்ப அனுப்பு என்று கேட்கும். திரும்ப அனுப்பும்போது அடுத்த பஸ் வந்திருக்கும்.

பேச்சுக்கு நல்ல லைன் வேறு, டேட்டாவுக்கு நல்ல லைன் வேறு என்பது எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்த விஷயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று முறை 'ஓ.கே.' எழுதினவன் நான். அந்த ஒரு மாதத்தில் அந்த முனையில் எத்தனை பேர் தங்கள் புரோகிராம்தான் தப்பு என்று நினைத்துப் பிரித்துப் பிரித்து எழுதினார்களோ.

நம் ஊரில் முத்துக் குளிக்கிறவனுக்கு மேலே தோணியில் கயிறு பிடிப்பது மச்சானாகத்தான் இருக்கும் என்று சொல்வார்கள். தங்கை தாலி தன் கையில் இருக்கிறது என்ற பயம் அவனுக்குத்தானே இருக்கும். கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, கீழே இருப்பவன் எப்படி இழுக்கிறான் என்று கவனிப்பது வேறு. நான் கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லைன் சரியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் என்னைக் கூப்பிட்டுக் கொண்டுபோய்க் காட்டினார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பம்பாயிலிருந்து வந்த ஒரு கடிதம். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு நினைவில்லை. மேலே இருந்த வரிகள்தான் நினைவில் இருக்கின்றன. எந்தக் கம்ப்யூட்டர் எந்த நேரத்தில் வாங்கி, அடுத்ததற்குக் கொடுத்தது என்று வரிசையாக நேரம் போட்டிருந்தது. தந்தி பாரத்தில் ஒவ்வோர் ஆபீஸும் நேரம் குறிக்குமே, அதேதான். அதை மட்டும் என்னால் சுலபமாகப் படிக்க முடிந்தது.

அந்தப் பச்சை எழுத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கும் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர்கள் எந்த இலக்கணத்தில் பேச வேண்டும் என்பது. உலக நாடுகளின் அரசுகளும் டெலிபோன் இலாகாக்களும் ஓ.எஸ்.ஐ. என்ற முறைதான் எதிர்காலம் என்றன. கமிட்டி போட்டு, அடுக்கடுக்காக, அழகாக எழுதப்பட்ட இலக்கணம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் டி.சி.பி./ஐ.பி. என்று இன்னொன்று, ஓடி ஓடித் தேறி வந்திருந்தது. எர்நெட்காரர்கள் இரண்டையும் தங்கள் வலையில் ஓட்டிப் பார்த்தார்கள். இதுதான் சோதனை வலை இருப்பதன் லாபம். காகிதத்தில் வாதாட வேண்டியதில்லை, ஓட்டிப் பார்த்துவிடலாம். 1995 வாக்கில் ஏறக்குறைய எல்லாப் போக்குவரத்தும் டி.சி.பி./ஐ.பி.க்கு மாறிவிட்டது. புத்தகத்துக்கும் புழக்கத்துக்கும் சண்டை வந்தால் புழக்கம்தான் ஜெயிக்கும் என்பதைத் தமிழ் இலக்கணம் படித்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1992-ல் பம்பாயிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு 64 கிலோபிட் லைன் வந்தது. நாடு முழுக்க இருந்த ஆராய்ச்சியாளர்களுக்கு வெளி உலக வாசல் அந்த ஒன்றுதான். 1993-ல் பெங்களூரை மையமாக வைத்துச் செயற்கைக்கோள் வலையும் சேர்ந்தது. கேபிள் போகாத ஊர்க் கல்லூரிகளுக்கு அதனால் வழி பிறந்தது. அண்ணாச்சி சொன்ன 1995 ஆகஸ்ட் 15 வந்தபோது, இதையெல்லாம் ஓட்டத் தெரிந்த ஆட்கள் ஒன்பது வருஷமாகப் பழகித் தயாராக இருந்தார்கள்.

அதற்குப் பிறகு வேகம் கூடிய கதை எல்லாருக்கும் தெரிந்தது, அதனால் வேகமாகவே சொல்லிவிடுகிறேன். 2000-களின் நடுவில் சி-டாக் நிறுவனம் 'கருடா' என்ற பெயரில் 17 ஊர்களில் 45 நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களை இணைத்து, ஓர் இடத்துக் கணக்கை இன்னோர் இடத்து மெஷின் போடும்படி செய்து பார்த்தது. அதற்கு லைன் கொடுத்தது எர்நெட்தான். 2010 மார்ச்சில் தேசிய அறிவு வலையமைப்புக்கு 5,990 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். எட்டு இடம் என்பது ஆயிரத்தைத் தாண்டியது. 2022 மே 17-ல் 5ஜி சோதனைத் தளத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் தலைமையில் எட்டு நிறுவனங்கள், ஐந்து இடங்களில் சோதனைக் கூடம், இருநூற்றுச் சொச்சம் கோடி. மறுபடியும் எட்டு! அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் 1986-ல் இருந்த அதே பெயர்கள். ஐ.ஐ.டி. டெல்லி, பம்பாய், கான்பூர், சென்னை, பெங்களூர் அறிவியல் கழகம். அப்போது பாசுரம் படித்தவர்களின் மாணவர்களுடைய மாணவர்கள் இப்போது படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் நம் தூத்துக்குடி எங்கே என்று கேட்பீர்கள். எட்டில் நாம் இல்லை. ஆனால் கடல் கடந்து கோப்பது நமக்குப் பழக்கமான வேலை. 1876-ல் ரயில் இங்கே வந்தது. கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டதும் அந்தத் தடத்தில்தான். 1914-ல் தனுஷ்கோடி வழி திறந்த பிறகு போட் மெயில் அங்கே போய்விட்டது, நம் மவுசு கொஞ்சம் குறைந்தது. 2006-ல் அந்தத் தடம் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்பை ஒட்டிய கல்கிசைக்கும் இடையே கடலடியில் கண்ணாடி இழைக் கேபிள், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பாரத் லங்கா கேபிள் என்று பெயர். பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து போட்டது. அக்கரையிலும் மொரட்டுவப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவ போன்றவர்கள் 1990-ஐ ஒட்டி 'லேர்ன்' என்ற பெயரில் இதே மாதிரி, டெலிபோன் லைனில் மின்னஞ்சல் என்றுதான் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு கரையிலும் மோடம் கத்தியது ஏறக்குறைய ஒரே காலத்தில். நடுவில் கேபிள் வர மட்டும் பதினைந்து வருஷம் ஆயிற்று.

இவ்வளவையும் எழுதி நேற்றுக் காலை நடையில் அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். 1995 பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த பஸ் ஸ்டாப் ஜாயின்டை யாரு சரி பண்ணினா?" என்று கேட்டார். கிரேன் பார்த்தவர் அல்லவா, அவருக்கு அதுதான் கவலை.

எங்கள் கேபிள் ஜாயின்டர்தான். ஈயமும் புளோ லாம்ப்பும் எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினார். மேலே குடை பிடித்துக்கொண்டு நானும் அந்தப் பையனும் நின்றோம். ஒரு மணி நேரத்தில் ஏறி வந்து டீ கேட்டார். பையன் காசு கொடுக்கப் போனார், நான் விடவில்லை.